விருந்து பொழுதடைய

1998ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது. ரமலான் நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மார்கழி பத்து, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு திரிந்த காலம். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வர வேண்டியவை இரண்டு குடும்பங்கள். ஒரு குடும்பம் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கும். இன்னொரு குடும்பத்தின் தலைவர் கறிச்சட்டி ஏறிய அடுப்புப் பக்கமே வரமாட்டார். போதாக்குறைக்கு எங்கள் அப்பத்தா, வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாதவள்.

அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. "மத்தியானம் ஆக்குனா நம்புதாளைக்காரக சாப்பிட மாட்டாக. கறி ஆக்குனா சாமி சாப்பிட மாட்டாக. வெள்ளிக்கிழமைன்னு நீங்களும் தொட மாட்டீக. அப்பறம் யாருக்கு அத்தை ஆக்கிப் போடுறது?"

அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: "பகல்ல சாப்பிட மாட்டாகன்னா பொழுதடைய ஆக்கு. நம்ம அடுப்புதான, பொழுது சாஞ்சா எரியாதா?"

அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அப்பத்தா சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் விருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்று முடிவானது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை கறிச்சோற்றுக்காகக் காத்திருப்பதென்றால் என்ன விளையாட்டா?

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரியும் சின்ன ரோட்டின் முடிவில் இருக்கிறது காரங்காடு. கோட்டக்கரை ஆறு பாக் நீரிணையில் கலக்கும் கழிமுகம். பெயர்தான் ஆறு, ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் மேலேயிருந்து தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் கடல்தான் உள்ளே ஏறி வரும். உப்பும் சேறும் கலந்து கிடக்கும் அந்த இடத்தில்தான் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டி நிற்கும். மூச்சு விடுவதற்காக அப்படி வளர்கின்றன என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது எங்களுக்கு அவை காலைப் பதம் பார்க்கும் முளைகள், அவ்வளவுதான். இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கையில் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில். ஊருக்குச் சோறு போட்டதே அந்தக் காடுதான் என்பார் அப்பா.

அப்பாவுக்கு வள்ளத் தொழில். மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் கடல் கலங்கிக் கிடக்கும். போகிற நாளைவிடக் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிற நாள் அதிகம். பண்டிகை வருவதும் கையில் காசு இல்லாமல் போவதும் எங்கள் கரையில் எப்போதும் ஒரே மாதத்தில்தான். அந்த நேரத்தில் முன்பணம் கொடுப்பவர் பக்கத்து ஊர் நம்புதாளை மாமா. எங்கள் பகுதி நண்டையும் இறாலையும் வாங்கி வெளியே அனுப்புகிற வியாபாரி. கணக்கு நோட்டில்தான் அவர் வியாபாரி. அதை மூடி வைத்துவிட்டால் அப்பாவுக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நண்டு வியாபாரத்தில் வீடு கட்டியவர், ஒரு நாளும் நண்டைத் தின்றதில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. "வச்சிருக்கிறவன் திங்க மாட்டான், திங்கிறவன்கிட்ட காசிருக்காது" என்று அப்பா கிண்டல் செய்வார்.

இன்னொருவர் மோர்ப்பண்ணை சித்தப்பா. மோர்ப்பண்ணை எங்களுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். ஒரு வாடைக்கால இரவில் அப்பாவின் என்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. வள்ளத்தைக் கயிறு போட்டுக் கட்டி விடியவிடிய இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தவர் அவர். அதற்கு முன்னால் இருவருக்கும் பழக்கமே இல்லை. அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சித்தப்பா. அந்த வருடம் மகரவிளக்குக்குப் போவதற்காக மாலை போட்டிருந்தார். அதனால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் சாமி. "ஏய் மாப்ளே" என்று கூப்பிட்டே பழகிய அப்பா, வாய் தவறி மாப்ளே என்று ஆரம்பித்து சாமி என்று முடிப்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

விருந்து நேரம் முடிவானதும் அடுத்த சிக்கல் வெள்ளிக்கிழமை. அப்பத்தா பழைய காலத்துக் கத்தோலிக்கப் பெண். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கிடையாது. கிறிஸ்துமஸ் என்பதற்காக அதை விடலாமா என்று அவளுக்கே சந்தேகம். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். பெருவிழா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் சுத்தபோசனம் இல்லை, திருச்சபைச் சட்டமே அப்படித்தான் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு அசிசி பிரான்சிஸ் கதை ஒன்றையும் சொன்னார். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தபோது, இன்றைக்குக் கறி கூடாதே என்று ஒரு துறவி சொன்னாராம். இந்த நாளில் சுவர்கள்கூடக் கறி தின்ன வேண்டும், தின்ன முடியாவிட்டால் மேலே பூசியாவது விட வேண்டும் என்று பிரான்சிஸ் கோபித்துக்கொண்டாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பத்தா சிரித்துக்கொண்டே வந்தாள். "வீட்டுச் செவுத்துல பூசுனா எறும்புல்ல மொய்க்கும்" என்றாள்.

அப்பத்தாவுக்குப் பசி புதிதல்ல. அவள் இளமைக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கட்டாய நோன்பு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தினார். அதன் பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. அப்பத்தா மட்டும் விடவில்லை. 24ஆம் தேதி அன்றும் ஒருசந்தி இருந்தாள். ஒரு வேளைதான் சோறு. அந்த வெறும் வயிற்றோடுதான் பலகாரத்துக்கு மாவு இடிப்பாள், பாகு காய்ச்சுவாள், எண்ணெய்ச் சட்டி முன் உட்காருவாள். எள்ளளவும் வாயில் போட மாட்டாள். நம்புதாளைக்காரர்கள் பகலில் சாப்பிட மாட்டார்கள் என்றபோது அவளுக்கு அது விநோதமாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பலகாரம் என்றால் அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதாகப் போகும் முன்னே உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து இடிப்பார்கள். இன்றைக்கு இவர்கள் வீட்டு மாவு, நாளைக்கு அவர்கள் வீட்டு மாவு. கோடையில் வாங்கிப் பானையில் போட்டு வைத்த கருப்பட்டியைத் தட்டிப்போட்டுப் பாகு காய்ச்சுவாள் அப்பத்தா. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டு நின்றால் பதம். கரைந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். கல்லாகிவிட்டால் அதிரசம் பல்லை உடைக்கும். நாங்கள் அந்தக் கிண்ணத்து உருண்டைகளுக்காகவே அடுப்பைச் சுற்றி நிற்போம்.

குடில் வேலை பிள்ளைகளுடையது. கழியிலிருந்து சேறு அள்ளிவந்து மலை செய்வோம். கொட்டாங்கச்சியில் பத்து நாள் முன்பே கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்த பயிர்தான் பெத்லகேமின் புல்வெளி. பனை ஈர்க்கைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து நட்சத்திரம். அந்த வருடம் மழை பெய்து தாள் இரண்டு தடவை ஊறிப்போனது.

விருந்தென்றால் எங்கள் ஊரில் முதல் வேலை தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ராமநாதபுரம் கரையில் இந்தத் தள்ளுவண்டி இல்லாத வீடே கிடையாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடங்களை நிரப்பினாள். "தொழுகைக்கு முந்தி கை கால் மொகம் கழுவணும்ல. உப்புத் தண்ணியவா குடுக்கிறது?" நோன்பு திறந்ததும் மஃரிபு தொழுகை உண்டு, அதற்கு முன் ஒளு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் நம்புதாளை மாமியிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

கறிக்கு ஊரில் சில வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் பிடித்தன. வழக்கமாக ஊர்க்காரர் ஒருவரே அறுப்பார். அந்த வருடம் அப்பா, நம்புதாளையிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருந்தார். விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்தார் அவர். நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்து தூங்காத கண்களோடு நாங்கள் சுற்றி நின்றோம். பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். கூட்டுச் சேர்ந்த மற்ற வீட்டுக்காரர்களில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூறு போடும்போது ஈரலுக்கும் குடலுக்கும் நடந்த வழக்கமான சண்டை மட்டும் நடந்தது. தென்னை ஓலையை விரித்து, தராசு இல்லாமல், கண் அளவில் சமமாகக் குவித்து, யாருக்கு எந்தக் கூறு என்று ஒரு சின்னப் பிள்ளையை விட்டுத் தொடச் சொல்வார்கள். அன்றைக்குத் தொட்டது என் தம்பி. நெஞ்செலும்பு அதிகம் விழுந்த கூறு எங்களுக்கு வந்தது. அதில் சூது இருந்ததாக இன்றுவரை சிலர் சொல்வதுண்டு.

காலையில் எங்களுக்கு அதிரசமும் தேத்தண்ணியும். மத்தியானம் கஞ்சியும் சுட்ட சூடைக் கருவாடும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மத்தியானம் கஞ்சி! புதுப் பாவாடை கட்டிக்கொண்டு தெருவில் போனால், மற்ற வீடுகளிலிருந்து நண்டுக் குழம்பும் கறிக் குழம்பும் மணக்கின்றன. சாப்பிட்டுவிட்டுக் கை மணக்க மணக்க வரும் சேத்தாளிகள் "உங்க வீட்ல என்னடி கறி?" என்று கேட்கிறார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பத்தா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "ஒன் சேத்தாளி நம்புதாளைக்காரி, ஒனக்குச் சின்னவ. வெடியிறதுக்கு முந்தி சாப்பிட்டுட்டு இப்ப வரைக்கும் எச்சி முழுங்காம இருக்கா. நீ கஞ்சியக் குடிச்சுப்புட்டு அழுகுற" என்றாள். அவர்கள் வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள்தான். முழு நோன்பு வைக்கும் வயதில்லை, ஆசைக்கு வைத்திருந்தாள். அவளிடம் தோற்க எனக்கு மனமில்லை. அதற்கப்புறம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து பார்த்தேன். நாலு மணிக்கு மேல் பசி அடங்கிப்போய், உடம்பு லேசாகி, எல்லா வாசனையும் தனித்தனியாக மூக்கில் ஏறியது நினைவிருக்கிறது.

பிற்பகலில் சாமி வந்தார். அப்பத்தா அவருக்கென்று கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்துத் தனி அடுப்பு கூட்டியிருந்தாள். புதுப் பானை, புதுச் சட்டி, புது அகப்பை. ஒரு முறத்தில் அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், புளி, எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய். "சாமி, நாங்க கை வைக்கல. நீங்களே வடிச்சுக்கிருங்க" என்றாள். அவர் கூச்சத்தோடு நின்றார். விரதக்காரனைக் கூப்பிட்டு உங்களுக்குச் சிரமம் என்றோ என்னவோ சொன்னார். அப்பத்தா அதற்கு அருளானந்தரை இழுத்தாள். லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, இந்தச் சீமைக்கு வந்து காவி கட்டி, கறி மீன் மது எதையும் தொடாமல் மரக்கறியே சாப்பிட்டுத் திரிந்தவர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்டுச் செத்தவர். திருவாடானைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அவர் கதை தாலாட்டோடு வந்துவிடும். "எங்க சாமியே கறி திங்காத சாமிதான். நீங்க கூச்சப்படாம ஆக்குங்க" என்றாள். கடலில் வள்ளத்திலேயே சமைத்துப் பழகிய கை அவருடையது. அரை மணி நேரத்தில் கொல்லை முழுக்கச் சாம்பார் மணம்.

உள்ளே அம்மா கறியோடு போராடிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த சீமைக்கருவேல விறகு புகைந்து தள்ளியது. அம்மியில் அரைத்த மசாலாவும் வறுத்த தேங்காயும் சோம்புமாகக் குழம்பு கொதித்தபோது உப்புப் பார்க்க வேண்டும். அப்பத்தா தடுத்துவிட்டாள். நோன்புக்காரர்களுக்கு ஆக்குவதில் முன்னதாக யாரும் வாய் வைக்கக் கூடாதாம். நம்புதாளை மாமியே அப்படி ஒரு சட்டம் சொல்லவில்லை; இது அப்பத்தா தானாகச் சேர்த்துக்கொண்டது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே கைக்கணக்கில் உப்பைப் போட்டாள். வீட்டில் அன்றைக்கு இல்லாத இன்னொன்று, சாராய வாடை. பண்டிகையென்றால் கொஞ்சம் போட்டுக்கொள்ளும் அப்பா, அன்றைக்குக் காலையிலிருந்தே வெற்றிலையோடு நிறுத்திக்கொண்டார்.

ஐந்தரைக்கு நம்புதாளைக் குடும்பம் வந்து இறங்கியது. ஜும்மா முடித்து வெள்ளைச் சட்டையோடு மாமா. மாமியின் கையில் பெரிய தூக்குவாளி. பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் குழைந்து கிடந்த அந்தக் கஞ்சியின் மணம் எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ் மணம்தான். மாமி வந்ததும் வராததுமாக, "மதினி, வெங்காயம் உரிக்கணுமா?" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவள் உட்கார்ந்து வெங்காயப் பச்சடிக்கு நறுக்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தொழுகைக்கு வீட்டுக்குள் பாய் விரிக்கலாம் என்றார் அப்பா. மேற்குச் சுவரில் திருஇருதயப் படம் மாட்டியிருந்தது. அப்பத்தா படத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். கழற்றட்டுமா என்று அவள் கேட்கும் முன்பே, "இருக்கட்டும் ஆத்தா, நாங்க கொட்டகையில விரிச்சுக்கிர்றோம்" என்றார் மாமா. வலைகளை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோரைப்பாயை அங்கே விரித்தார்கள்.

அப்புறம் காத்திருப்பு. திண்ணையில் பேரீச்சம்பழத் தட்டு, தண்ணீர்ச் செம்பு, வரிசையாகக் கஞ்சிக் கிண்ணங்கள். மாமாவின் சட்டைப் பையில் நோன்பு கால அட்டவணை. நம்புதாளைக் கடையொன்று அச்சடித்துக் கொடுத்த சின்ன அட்டை. கையில் கடிகாரம். அப்பாவின் ரேடியோவில் கொழும்பு நிலையம். எங்கள் கரையில் சென்னை நிலையத்தைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். ரமலானில் அங்கே முஸ்லிம் நிகழ்ச்சி விடாமல் போகும். அறிவிப்பாளர் நேரம் சொன்னபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது; ஆறரையை நெருங்கிவிட்டது என்றார். மாமா சிரித்தார். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்திருந்தது. 2006 வரை அவர்கள் நேரம் நம்முடையதைவிட அரை மணி முன்னால்தான் ஓடியது. "சூரியனுக்கு நம்ம கடிகாரமும் தெரியாது, அவுக கடிகாரமும் தெரியாது. ரெண்டு ஊர்லயும் ஏறக்குறைய ஒரே நேரத்துலதான் மறையும்" என்றார். பசியில் கண் சொருகியிருந்த எனக்குச் சூரியன் மேல்தான் கோபம்.

ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால செபத்து மணி அடித்தது. அப்பத்தா எழுந்து நின்று சிலுவை போட்டு முணுமுணுத்தாள். கொல்லையில் சாமி விளக்கேற்றிச் சரணம் சொன்னார். மாமா கடிகாரத்தையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பேரீச்சம்பழத்தை எடுத்தார். "ம், திறங்க" என்று அவர் சொன்ன மறு நிமிடம் திண்ணையில் பேச்சே இல்லை. எல்லோர் வாயிலும் கஞ்சி. அந்தச் சின்னப் பெண்ணும் நானும் ஒரே நேரத்தில் செம்பைப் பிடித்து, யார் முதலில் குடிப்பது என்று இழுத்ததில் பாதித் தண்ணீர் என் புதுப் பாவாடையில். பங்குச் சாமியார் கதையில் சுவர் தின்றதோ இல்லையோ, எங்கள் திண்ணை அன்றைக்கு நன்றாகக் குடித்தது.

தொழுகை முடிந்து பந்தி. இலைக்கு வழியில்லை, தொண்டியில் வாழையிலை விலை ஏறிக் கிடந்தது. பெரியவர்களுக்குத் தட்டு. மாமி வீட்டிலிருந்து ஒரு பெரிய சஹன் தட்டு கொண்டு வந்திருந்தாள். அதில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்துக் கறியை ஊற்றி, பிள்ளைகள் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்தாள். அவரவர் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது என்பது சஹனின் ஒழுங்கு. என் தம்பிக்கு அந்த ஒழுங்கு பிடிபடவே இல்லை.

கறியில் உப்பு குறைவு. எங்கள் எல்லோருக்கும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கடைசியில் உட்கார்ந்து வாயில் வைத்ததும் முகம் சுண்டிப்போய், "ஏன் யாருமே சொல்லல?" என்றாள். "கேட்டிருந்தா உப்பக் குடுத்திருப்பீக, அப்பறம் ஒங்க மாமியார் அதுலயும் ஒரு சட்டம் போட்டிருப்பாக" என்றாள் மாமி. அப்பத்தாவே சிரித்துவிட்டாள். அன்றைய பந்தியின் உண்மையான வெற்றி சாமியின் சாம்பார்தான். கொல்லையில் அவருக்காக வைத்திருந்த சட்டி, அவர் சாப்பிட்டு எழுந்ததும் உள்ளே வந்து, கறி தின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அகப்பை வாங்கி வழித்துக் காலியானது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதிரசத்தைக் கடித்துக்கொண்டு பெரியவர்கள் கடல் விலையும் டீசல் விலையும் பேசினார்கள். நம்புதாளைக்குக் கிளம்பும்போது தூக்குவாளி நிறைய முறுக்கு போயிற்று. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை.

தை பிறந்ததும் அவர்களிடமிருந்து பண்டங்கள் திரும்ப வந்தன. மலைக்குப் போய்வந்த சித்தப்பா அரவணை டப்பாவோடு வந்தார். மாலை கழற்றியிருந்ததால் அன்றைக்கு எங்கள் வீட்டில் நண்டு தின்றார். ரம்ஜானுக்கு நம்புதாளையிலிருந்து கறிச்சோறு ஆள் விட்டு வந்தது. உப்பு சரியாக இருந்தது.

1999லும் 2000லும் கிறிஸ்துமஸ் ரமலானுக்குள்தான் விழுந்தது. விருந்தும் பொழுதடையத்தான். 2000இல் கிறிஸ்துமஸ் கழிந்த சில நாளிலேயே ரம்ஜான். எது யார் வீட்டுப் பலகாரம் என்று தெரியாதபடி பாத்திரங்கள் இரண்டு ஊருக்கும் நடந்தன. 2001இல் நோன்பு டிசம்பர் நடுவிலேயே முடிந்துவிட்டது. விருந்து மறுபடி மத்தியானத்துக்குப் போனது. எல்லாரும் வந்தார்கள். ஆனால் ஒரு குடும்பம் பன்னிரண்டுக்கு வந்தது, ஒரு குடும்பம் இரண்டு மணிக்கு வந்தது. வந்தவர்கள் வந்தபடி சாப்பிட்டார்கள், போனார்கள். கறியில் உப்பு சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த மூன்று வருடங்களைத்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசுகிறோம். ஒரே பசியோடு, ஒரே நிமிடத்துக்காக, ஒரே திண்ணையில் எல்லோரும் காத்திருந்ததுதான் அந்த விருந்து. குழம்பு அதற்கு அப்புறம்தான்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கை குறுக்கே கிடந்ததால் பாக் நீரிணைக் கரைக்கு நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது போன்ற அழிவு நேரவில்லை. அந்தக் காலையில் மூன்று ஊர்களிலிருந்தும் மூன்று பேர் மற்ற இரண்டு வீடுகளையும் தேடிப் புறப்பட்டார்கள். பாதி வழியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது காரங்காட்டை வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். சுற்றுலா வருபவர்களுக்கு ஊர்ப் பெண்கள் மீனும் நண்டும் இறாலும் சமைத்துப் போடுகிறார்கள். நல்ல காரியம், காட்டை வெட்டாமல் காட்டால் பிழைக்க ஒரு வழி. காசு கொடுத்துச் சாப்பிடுபவர் தன் பசி நேரத்தைத் தானே முடிவு செய்கிறார். காசு வாங்காத விருந்தில் அதை முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு அழைத்தவருடையது. அப்பத்தா படித்தவள் இல்லை. சர்வமத நல்லிணக்கம் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டாள். அடுப்பு நம்முடையது, நேரம் வருகிறவர்களுடையது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

1998இல் விருந்தைப் பொழுதடைய வைக்கும் முடிவை எடுத்தபோது, "ஒங்க தாத்தா காலத்துலயும் ஒருக்க இப்படி வந்துச்சு" என்று அவள் சொன்னதை நான் வெகுநாள் கதை என்றே நினைத்திருந்தேன். பின்னால் கணக்குப் பார்த்தேன். ரமலான் நிலவு மாதம். பன்னிரண்டு நிலவு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள். அதனால் ஒவ்வொரு வருடமும் நோன்பு பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் பழைய இடத்துக்கு வந்து சேர்கிறது. 1966லும் 1967லும் கிறிஸ்துமஸ் நோன்புக்குள்தான் வந்திருக்கிறது. அப்பத்தா சொன்னது சரி.

அடுத்து 2031, 2032 கிறிஸ்துமஸ்கள் ரமலானுக்குள் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வருகிற பண்டிகைக்கு யாரையாவது சாப்பிட அழைத்தால், என்ன சமைக்கலாம் என்று யோசிக்கும் முன், எப்போது சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் விருந்தின் மதிப்பு குறையாது. கேட்காமல் பரிமாறி, வந்தவர் தட்டை ஒதுக்கி வைத்தால்தான் குறையும்.